ரிப்பீட்டும் மஞ்சள் சீட்டும்

ஒரு தடவை சொன்னதை ஒரு தடவையிலேயே நம்பும் பாவத்தைத் தன் வாழ்நாளில் செய்யாத ஒரே மனிதர், எங்கள் பஸ் டெப்போவின் டைம் கீப்பர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'ரிப்பீட்டு'.

வாசல் டீக்கடையில், "சர்க்கரை கம்மியா ஒரு டீங்க. நாஞ் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்பார்.

"சர்க்கரை கம்மிங்க."

"அப்ப டீ?"

அந்தக் கடைக்காரர் கடையைப் பல்லடம் சாலைக்கு மாற்றியதற்கு வாஸ்துதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். யாரும் நம்பவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம், "எந்தப் பல்லுங்க?" என்று மூன்று முறை கேட்டார் ரிப்பீட்டு. மூன்றாவது முறை டாக்டருக்கே சந்தேகம் வந்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்.

நான் அங்கே எழுத்தராக இருந்தேன். எங்கள் டெப்போவில் தகவல் தொடர்பு அவ்வளவு சிறப்பு. 'பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்குது' என்று டிரைவர் சொன்னது, கண்டக்டர், வாட்ச்மேன் எனக் கைமாறி மெக்கானிக்கிடம் வரும்போது, 'இடது பக்க சீட்டு கிழிஞ்சிருக்கு' என்று ஆகியிருந்தது. உடனே ஆள் வந்து சீட்டைத் தைத்துக் கொடுத்தார். திருப்பூரில் தையல்காரருக்கா பஞ்சம்?

இது மேலிடத்தின் காதுக்கு எட்டியது. எங்களைத் திருத்த 'டிசைன் திங்கிங்' பயிற்சியாளர் ஒருவரை அனுப்பினார்கள். கையில் வெள்ளைப் பலகை, பை நிறைய மஞ்சள் ஒட்டுச்சீட்டு, முகம் நிறையப் புன்னகை.

"ஒவ்வொருத்தரும் அடுத்தவர் செருப்பில் நின்று பாருங்கள்" என்று ஆங்கிலத்திலிருந்து நேரடியாக இறக்குமதி செய்த வாக்கியத்தோடு ஆரம்பித்தார்.

டிரைவர் ஒருவர் பக்கத்து ஆளின் காலைக் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒம்போதாம் நம்பருங்க. இவுருக்கு ஏழு. பத்தாதுங்களே."

இரண்டு நாள் சிந்தித்து, படம் வரைந்து, வட்டமாக நின்று கைதட்டிய பின் தீர்வு பிறந்தது. வண்டியில் கோளாறு இருந்தால் இனி வாயால் சொல்லக் கூடாது. மஞ்சள் சீட்டில் எழுதி, கேட் ஓரம் நிற்கும் பலகையில் அந்த வண்டி எண்ணுக்குக் கீழே ஒட்ட வேண்டும்.

ரிப்பீட்டு எழுந்தார். "ஏனுங்க சார், ஒட்டுனது உளுந்துட்டா?"

"விழாது. இது உலகம் பூரா நிக்குது."

"ஆடி மாசம் நம்மூருக்கு வந்திருக்கீங்ளா?"

மேலாளர் அவரை உட்காரச் சொன்னார். அதோடு விடாமல், 'இனி யாரையும் திருப்பிச் சொல்லும்படி கேட்கக் கூடாது' என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார். அந்த உத்தரவையும் மேலாளர் வாயால் ஒருமுறை படிக்கவைத்துக் கேட்ட பிறகுதான் ரிப்பீட்டு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. டிரைவர்கள் பேச வந்தால், பலகையைக் கைகாட்டுவார்.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு டிசைன் திங்கிங் தெரியாது. ஒரு நாள் காலையில் சீட்டுகள் டெப்போ முழுக்கப் பறந்தன. நல்லவனாயிற்றே, நான் ஓடி ஓடிப் பொறுக்கி, ஞாபகத்தில் இருந்தபடி அழகாக, வரிசையாக ஒட்டிவைத்தேன். பயிற்சியாளர் பார்த்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார். காங்கேயம் வண்டியின் சீட்டை மடத்துக்குளம் வண்டிக்குக் கீழே ஒட்டியிருந்தேன் என்பதுதான் ஒரே குறை. மெக்கானிக் மடத்துக்குளம் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, 'கோளாறு ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

சற்று நேரத்தில் காங்கேயம் வண்டி கிளம்பியது. அதை எடுத்தவர் தெற்கத்திக்காரரான ஒரு புது டிரைவர். கேட்டில் ரிப்பீட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். வண்டிக்குள்ளே, பஸ் ஸ்டாண்டு வேலைக்குப் போகும் டெப்போ ஆட்கள் நாலைந்து பேர்.

"வண்டியில என்ன கம்ப்ளெயின்ட்டுங்க?"

"ஒண்ணுங் கெடையாதுண்ணே. பலகையில ஒரு சீட்டும் இல்ல. வழிய விடுங்க."

"நேத்து வந்த டிரைவர் பிரேக்கு சரியாப் புடிக்கலைன்னாருங்க. எங்கிட்டச் சொல்லாதீங்க, எழுதி ஒட்டுங்கன்னு நாந்தான் அனுப்புனேன். சீட்டு எங்கீங்க?"

மேலாளர் ஓடிவந்தார். "யோவ், பஸ் ஸ்டாண்டுல சனம் காத்துக் கெடக்குது! தள்ளுய்யா!"

"எம்மேல ஏத்திட்டுப் போங்க சார். அப்பறம் நேரமாயிராது."

அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கேட்டுக்கு உள்பக்கம் இருந்த காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார் மெக்கானிக். பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக, மரியாதையாக உருண்டு வந்து, மஞ்சள் சீட்டுப் பலகையைச் சாய்த்து, அதற்குப் பின்னால் இருந்த மணல் மூட்டைகளில் மோதித்தான் நின்றது.

தெற்கத்தி டிரைவர், "எங்க ஆத்தா புண்ணியம்" என்றபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பரிசாக ரிப்பீட்டுக்கு ஒரு மெமோ வந்தது. வண்டியைத் தாமதப்படுத்தினாராம், உத்தரவை மீறினாராம். அதே மாதம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. வாய்மொழித் தகவலைக் கேட்டவர் திருப்பிச் சொல்லும் 'புதுமையான முறை' ஒன்றைப் பயிற்சியின் மூலம் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கீழே பயிற்சியாளரின் புகைப்படம்.

மெமோவுக்கான பதிலை என்னிடம்தான் தட்டச்சு செய்யச் சொன்னார் ரிப்பீட்டு. சீட்டு எப்படி மாறியது என்ற இடம் வந்தது. தட்டுவதை நிறுத்தினேன்.

"அது வந்துங்க... ஒட்டுனது..."

"காத்து பலமா இருந்துச்சுன்னு அடிங்க கண்ணு."

"இல்லீங்க, நாந்தான்..."

"நீங்க மாத்தி ஒட்டுனதப் பாத்துட்டுத்தானுங்க கேட்டுக்கு ஓடுனேன். அடிங்க."

அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கொள்ளுப் பருப்புச் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

அவரைக் கிறுக்கர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.