தகட்டை ஒட்டச் சொன்னால் டேபிளை ஒட்டியவன்

கதிர், சுகன்யா, ரெண்டு பேரும் உட்கார்ந்து படியுங்க. போன வாரம் காதுகுத்து வீட்டில், கதிர் ஐடிஐயில் வெல்டர் பிரிவு சேரப் போறான் என்றதும் ஒருத்தர் உதட்டைப் பிதுக்கினாரே, "அதுல என்னங்க வேலை கெடைக்கும்" என்று. அப்போது என் வாயில் பணியாரம் இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. அறந்தாங்கியில் ஒரு கிரில் பட்டறையில் வேலை பார்த்தேன். துபாய்க்கு வெல்டர் எடுக்கிறார்கள், திருச்சி பக்கம் ஒரு ஷெட்டில் டெஸ்ட் என்று தகவல் வந்தது. டெஸ்டுக்குக் கூப்பிட்டதையே விசா வந்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் (புத்தி அப்படி). மணமேல்குடியிலிருந்து உங்கள் தாத்தா வந்து கிடா வெட்டி விருந்தே போட்டுவிட்டார். சித்தி கனமான போர்வை கேட்டார். உங்கள் மாமா சென்ட் பாட்டில் கேட்டார், அதுவும் என்ன வாசனை என்பது வரைக்கும். தோற்றுவிட்டுத் திரும்பினால் எந்த முகத்தோடு ஊருக்குள் நுழைவது? அந்தக் கவலை பஸ் ஏறின பிறகுதான் வந்தது.

டெஸ்ட் என்ன தெரியுமா? ரெண்டு இரும்புத் தகடு. நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, உருகின இரும்பு அடிவரைக்கும் இறங்குகிற மாதிரி வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டும். பிறகு அந்தத் தகட்டை மிஷினில் வைத்து வளைப்பார்கள். ஒட்டின இடம் விரியாமல் இருந்தால் துபாய். விரிந்தால் வீடு.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். கேட் செய்யும்போது சட்டம் கோணாமல் இருக்க, அதை இரும்பு டேபிளோடு அங்கங்கே ஒரு பொட்டு ஒட்டி வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கழன்று வந்துவிடும். அங்கேயும் என் கை அதையே செய்தது. மற்றவர்கள் எல்லாம் தகட்டுக்கு அடியில் துண்டுக் கம்பி வைத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். பாவம், டேபிள் மேடுபள்ளமாக இருக்கிறது போல என்று நினைத்தேன்.

அது போதாதென்று, நம்ம கை பலத்தைக் காட்டுவோம் என்று மிஷினில் கரண்ட்டை ஏற்றி வைத்து ஒட்டினேன். அடிவரைக்கும் இறங்கச் சொன்னார்கள். இறங்கியது. தகட்டைத் தாண்டி டேபிளுக்குள்ளேயும் இறங்கியது.

டெஸ்ட் எடுக்கிற ஆபீஸர் தகட்டை எடுத்து வரச் சொன்னார். இழுத்தேன், வரவில்லை. சுத்தியலால் அடித்தேன். டேபிள்தான் ஒரு அடி நகர்ந்தது. டெஸ்டுக்கு வந்து பக்கத்தில் நின்ற ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஒரு கை பிடித்தார். டேபிளின் ரெண்டு கால் மேலே தூக்கியது, தகடு அசையவில்லை. "அண்ணே, டேபிளையும் லக்கேஜ்ல போட்டுக்குவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஏம்ப்பா, மிஷின்ல தகட்டத்தான் வைக்க முடியும். டேபிள எப்படிப்பா வைக்கிறது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், எவ்வளவு ஸ்ட்ராங்கா ஒட்டிருக்குன்னு பாருங்க சார்" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். ஷெட்டுக்காரர் அதோடு விடவில்லை. கிரைண்டரைக் கையில் கொடுத்து, டேபிளைச் சமமாக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். முப்பது பேர் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க, என் துபாயை நானே அறுத்து எடுத்தேன்.

வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகத்தான் வந்தேன். உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே கேட்டவள், "ஒட்டுச்சா, ஒட்டலயாங்க?" என்றாள்.

"ஒட்டுச்சு."

"அப்பறம் என்ன? கைகால் கழுவிட்டு வாங்க."

உங்கள் தாத்தாதான் ஒரு மாதம் "மாப்ள, பிளைட்டு எப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஜெகதாப்பட்டினத்துக்காரர் துபாய் போகிறதுக்குள் அவர் ஊர் மீன்பிடித் துறைமுகம் பூராவும் என் கதையைச் சொல்லிவிட்டார். சிரித்தவர்களில் ஒருத்தர் விசைப்படகுக்காரர். அவர் படகில் ஒட்டின இரும்பெல்லாம் உப்புக்காற்றில் விட்டுப்போய்க்கொண்டே இருந்ததாம். "டேபிள ஒட்டுன ஆள் எங்கிட்டு இருக்கான், கூட்டியாங்கய்யா" என்று சொல்லி அனுப்பினார். அந்தப் படகில் தொடங்கி ஐஸ் பிளாண்ட், டிராக்டர் டிரெய்லர் என்று வேலை வந்தது. துபாய் போய்த் திரும்பினவர்கள் கட்டிய வீடுகளுக்கும் கேட் நான்தான் போட்டேன். இன்றைக்கு நம் பட்டறையில் நாலு பேர். இன்னும் ரெண்டு கை வேண்டும், ஆள் அகப்படவில்லை. கதிர், காதுகுத்து வீட்டில் உதட்டைப் பிதுக்கினாரே, அவருக்கு இதைச் சொல்லு.

இன்றைக்கும் நான் சாப்பிட்டு எழ நேரமானால், "அப்பாவோட தட்டு ஒட்டிக்கிச்சு, கிரைண்டர் எடுத்துட்டு வா" என்கிறீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை.

உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. டெஸ்டுக்கு மறுநாள் எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போய், ரெண்டு தகட்டைக் கம்பிமேல் தூக்கி வைத்து முறையாக ஒட்டினேன். ஆறவிட்டு, வைஸ் பிடியில் இறுக்கி, நீளக் குழாயைச் செருகி முழு பலத்தோடு வளைத்தேன். லாடம் மாதிரி வளைந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. சாக்பீஸை எடுத்து அதன்மேல் "பாஸ்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.