சத்தம் போடாத மோட்டார்

"அண்ணே, உங்க மோட்டார் ராப்பகலா என் தலைமேல உறுமுது!" என்று கத்திவிட்டுப் போனார் கீழ்வீட்டுக்காரர்.

லிப்ட் மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கை பட்ட எந்திரம் சத்தம் போடுவதா? பால்கனியில் ஒரு தொட்டி வைத்து, மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறார். வேர் மூச்சுவிட வேண்டுமே, அதற்காகத் தண்ணீருக்குள் காற்றைத் தள்ளும் குட்டி மோட்டார் அது. அதைப் பஞ்சால் சுற்றி, டேப் போட்டு இறுக்கினார். கப்சிப்!

"பாத்தியா? கை யாரு கை!" என்றார் மனைவியிடம்.

"தண்ணியில குமிழியையும் காணோமே?"

"சத்தம் அடங்கினா குமிழியும் அடக்கமாத்தான் வரும்."

மறுநாளே கீரை தலையைத் தொங்கப் போட்டது. தாகம்போல என்று தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். இன்னும் துவண்டது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். பரம்பரை விவசாயி. "மண்ணில்லாம கீரையா? வந்து பாக்கறேன்" என்று கல்யாணப் பந்தலிலேயே சிரித்தவர். மெக்கானிக்கின் மானம் அந்தத் தொட்டியில்தான் மிதந்துகொண்டிருந்தது.

இன்னொரு மோட்டார் வாங்கினார். அதற்கும் பஞ்சு. ஆடாமல் இருக்கத் தொட்டியின் நடுவயிற்றில் துளை போட்டு, ஸ்க்ரூ வைத்து முறுக்கினார்.

"ஒழுகாதா?"

"முப்பது வருஷமா ஊரையே ஏத்தி இறக்கறவன்டி நான்!"

வாய்தான் அப்படிப் பேசியது. சாகக் கிடக்கும் கீரையைப் பார்க்கத் தைரியமில்லாமல், அதன்பிறகு பால்கனிப் பக்கமே அவர் போகவில்லை.

ஞாயிறன்று சம்பந்தியே பால்கனிக் கதவைத் திறந்தார். கீரை விறைப்பாக நின்றது!

சம்பந்தி தொட்டி மூடியைத் தூக்கினார். தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது.

"பலே! மேல் வேர் காத்துல, கீழ் வேர் தண்ணியில. இப்படி விட்டா மோட்டாரே இல்லைன்னாலும் வேர் மூச்சு விடும். இந்த நுணுக்கம் எனக்கே தோணியிருக்காது சம்பந்தி!"

மெக்கானிக்கின் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. மனைவி முகத்திலும் அப்படியொரு பெருமை.

"எல்லாம் அளவுதான் சம்பந்தி. சொட்டுச் சொட்டா, பாத்துப் பாத்து இறக்கினேன்."

வாசல் மணி அடித்தது. நனைந்த தலையணையோடு நின்றார் கீழ்வீட்டுக்காரர்.

"அண்ணே, அந்த மோட்டார் உறுமினா உறுமிட்டுப் போகட்டும். மூணு நாளா உங்க தொட்டித் தண்ணி என் கட்டில்லதான் இறங்குது!"