ஏரிப் பறவைகளின் முதல் எதிரி

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பறவை ஜாதியை வேட்டுக்காரர் அளவுக்கு வெறுத்த மனிதர் பிறந்ததில்லை. இனி ஒருவர் பிறக்கப் பறவைகள் விடவும் மாட்டா.

எங்கள் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் வைத்திருந்த காவலாள் அவர். மீன் தின்ன வரும் நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் வெடி போட்டு விரட்டுவதுதான் வேலை. வெடி போதாதென்று வாயாலும் விரட்டுவார். "டேய் கரிமூஞ்சி! உங்கப்பன் வூட்டு மீனா? ஏலம் எடுத்தியாடா நீ?" என்று ஒரு நீர்க்காகத்திடம் நியாயம் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்பதுதான் விசேஷம்.

நானோ, மூன்று மாவட்டங்கள் சேர்ந்து போட்ட கூட்டுத் திட்டத்தின் கிராம ஒருங்கிணைப்பாளர். ஏரி, வயல், பாலாற்றுப் படுகை எல்லாவற்றையும் ஒரே பறவை பூமியாகக் காப்பாற்றும் திட்டம். என் பங்கு, கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, பேனர் கட்டி, சாப்பாட்டுப் பொட்டலம் குறைந்தால் திட்டு வாங்குவது. தண்ணீருக்கு ஒரு துறை, மரத்துக்கு ஒரு துறை, மீனுக்கு ஒரு துறை, நிலத்துக்கு ஒரு துறை, எல்லோரும் வருவார்கள். பறவைதான் எந்தத் துறையிலும் இல்லை.

கூடிக்கூடிப் பேசி அவர்கள் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு, பறவைகளின் முதல் எதிரி வேட்டுக்காரர், அவரை ஏரிக்கரையில் ஏறவிடக் கூடாது என்பது.

அதைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். வெடி வைத்திருப்பவரிடம் வேலை போன சேதியைச் சொல்லக் கோழைதான் சரியான ஆள், ஓடத் தெரியும். பைக்கை ஆஃப் பண்ணாமலே சொன்னேன்.

"இன்னா நைனா, வருஷம் பூரா நான் வெடி போடறேனா? கூடு கட்டி முட்ட வெச்சிச்சின்னா லீவு போட்டுக்கினு குந்திக்கிறேனா இல்லியா? புள்ளத்தாச்சி கீற வூட்டாண்ட எவனாவது வெடி போடுவானா?"

உண்மைதான். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு விழுந்துவிட்டால், குத்தகைக்காரர் கத்தினாலும் கூலி போனாலும், குஞ்சு பறக்கும்வரை வெடியைத் தொடமாட்டார். அப்போதும் திட்டுவார், ஆனால் மெதுவாக. கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். "அதுக்கெல்லாம் திட்டத்துல எடமில்லீங்க" என்றார் ஒருவர். "இன்னொரு சாம்பார் கீதா?" என்றார் இன்னொருவர்.

மார்கழியில் மரம் கொள்ளாமல் கூடுகள். ஒருநாள் காலை, அறுக்கிற மிஷினோடு லாரி வந்து நின்றது. கருவேலத்தை விறகுக்கு ஏலம் விட்டிருந்தது யார் தெரியுமா? எங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரும் நிலத்துக்கான துறையேதான்.

மற்ற துறைகளுக்குப் போன் போட்டேன். தண்ணீர், "மரம் எங்களுது இல்ல" என்றது. மரம், "ஏரிக்குள்ள நிக்கிறது எங்களுக்கு வராது" என்றது. மீன் மட்டும், "மீனு ஏதாவது செத்துச்சா?" என்று அக்கறையாக விசாரித்தது. முதல் மரம் கூடுகளோடு சாய்ந்தது. நான் அறுக்கிறவரிடம் ஓடி, "அண்ணா, அடுத்த மீட்டிங் வரைக்கும் பொறுங்களேன்" என்றேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதனால் கெஞ்ச முடியாது.

"தள்ளு நைனா!"

பின்னால் வேட்டுக்காரர், கையில் வெடி நிறைந்த கோணிப்பை. முதல் அணுகுண்டு வெடிக்கே நான் லாரிக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று ஞாபகமில்லை. எனக்கு முன்னாலேயே டிரைவர் அங்கே படுத்திருந்தார். முன்பின் தெரியாத இருவரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி கட்டிக்கொண்டோம். அறுக்க வந்தவர்கள் மிஷினைப் போட்டுவிட்டு வயலில் இறங்கி ஓடினார்கள்.

மறுபடி அறுக்க எவரும் வரவில்லை; சாய்ந்த ஒன்றைத் தவிர எல்லா மரமும் தப்பித்தது.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். மரத்தில் ஒரு பறவைகூட இல்லை. மொத்தமும் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றிச் சுற்றி, பொழுது சாய்வதற்குள் திருமுக்கூடல் பக்கமாகப் போய்விட்டன. திரும்பவில்லை. கூட்டில் கிடந்த குஞ்சுகளிடம் காக்கை வந்தது.

"பூட்ச்சே நைனா. நானே வெரட்டிட்டனே." கோணிப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்கள்: உள்ளூர் நபர் ஒருவரின் வெடிச் சத்தத்தால் பறவைகள் வெளியேறின, முதல் எதிரி பற்றிய நமது கணிப்பு சரியாகிவிட்டது. கை தட்டினார்கள். ஏலத்தைப் பற்றி எழுந்து கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "நாற்காலி பத்தல" என்றார்கள். எடுக்கப் போனேன்.

வேட்டுக்காரர் அப்புறம் ஏரிப் பக்கமே வருவதில்லை. போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையைப் பிடித்தார். "வந்துச்சா நைனா?"

மரங்கள் இந்த வருஷமும் ஒரு கூடுகூட இல்லாமல் மொட்டையாகத்தான் நிற்கின்றன.

"ரெண்டு ஜோடி வந்துகீதுண்ணா" என்றேன்.

முகம் மலர்ந்துபோயிற்று. "நான் அந்தாண்ட வரல. என்னப் பாத்தா பயந்துக்கும்" என்று அவசரமாகச் சொல்லி, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அடுத்த தடவை பார்த்தால், முட்டை வைத்திருக்கிறது என்று சொல்வதாக இருக்கிறேன்.