கன்னியம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலி

சமூக சேவைக்கு வருகிறவர்களுக்குக் கணீர்க் குரல் இருப்பது ஆபத்து. எனக்கு இருந்தது. உத்திரமேரூரில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன அறக்கட்டளையில் எந்த நிகழ்ச்சி என்றாலும் மைக் என் கைக்கே வந்துவிடும். (வேறு திறமை எதையும் அவர்கள் என்னிடம் கண்டுபிடிக்கவில்லை என்பது தனிக்கதை.)

திருப்புலிவனத்துக்கு அருகே ஊர்க்கோடியில் உள்ள இருளர் குடியிருப்பில் ஏழுமலை என்றொரு கூலித் தொழிலாளி இருந்தார். அவர் மனைவி கன்னியம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வெளியே போக வேண்டுமென்றால் ஏழுமலைதான் முதுகில் சுமக்க வேண்டும். கன்னியம்மாவுக்காக நன்கொடையாக வந்த சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் எங்கள் அலுவலகத்தில் நின்றது. காரணம், அதைக் கொடுக்கவேண்டிய சிறப்பு விருந்தினரின் தேதி கிடைக்கவில்லை.

"நாமே கொண்டுபோய்க் குடுத்துடலாமே சார்?" என்று செயலாளரிடம் கேட்டேன்.

"போட்டோ இல்லாம குடுத்தா அடுத்த நாற்காலி யாரும்மா வாங்கித் தருவா?"

ஏழுமலை வந்து கேட்கும்போதெல்லாம், "தேதி வரட்டும்" என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

ஒருவழியாகத் தேதி வந்தது. வேனின் மேலே ஒலிபெருக்கி, முன்னே பேனர், உள்ளே கழுத்தில் ரோஜா மாலையோடு சிறப்பு விருந்தினர். குடியிருப்புக்குள் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டேன்: "இத்தனை காலம் முடங்கிக் கிடந்த கன்னியம்மா அவர்கள் இன்று முதல் ஊரை வலம் வரப்போகிறார்!"

பதிலுக்கு மேளச் சத்தம் கேட்டது.

"வரவேற்பெல்லாம் பலமா இருக்கே!" என்றார் விருந்தினர். நான் பூரித்துப்போய் இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் கைகூப்பிச் சிரித்தபடி இறங்கினார். எதிரே, வேப்பமரத்தடியில், கன்னியம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

மேளம் நின்றது. பதற்றத்தில் நான் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, ஒலிபெருக்கி வீலென்று கத்தி அடங்கியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"விடிகாலைல பூட்ச்சி மேடம். ஜுரம். சொல்லலாம்னா போன்ல சார்ஜ் இல்ல. இம்மாந்தூரம் வந்துட்டீங்க, கோச்சிக்காதீங்க."

விருந்தினர் தன் மாலையைக் கழற்றிக் கன்னியம்மாவின் காலடியில் வைத்தார். போட்டோக்காரர் கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குத்தான் மைக்கை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

ஏழுமலை வேனில் இருந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "ரோட்டாண்ட குந்திக்கினு பஸ்ஸு போறத பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்துச்சி" என்றார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அடுத்த காலனில ஒரு அம்மா இதே மாதிரி கீது. அதுக்கு இன்னிக்கே குட்துடுங்க மேடம். தேதி பாக்காதீங்க."

அன்றே கொடுத்தோம். அங்கே மைக்கை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் எந்தப் பொருளும் விருந்தினருக்காகக் காத்திருந்ததில்லை.

அந்தக் குடியிருப்பில் இன்றும் எனக்கு 'மைக்கு மேடம்' என்றுதான் பெயர். புதிதாக வந்தவர்கள் ஏனென்று கேட்டால் ஏழுமலைதான் கதையைச் சொல்வார். "வலம் வரப்போகிறார்" என்று என்னைப்போலவே ராகம் போட்டுக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார்:

"எங்கூட்டுக்காரி பேர மைக்குல சொன்னது அந்த ஒரு தபாதான்."