போன் வாங்கப் போகிறவர்

உலகத்தில் போன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். போனே வேண்டாம் என்று இருப்பவர்களும் ஆங்காங்கே இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனமொன்று சுவிற்சர்லாந்து முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதற்குப் பெயர், போன் வாங்கப் போகிறவர். கவனியுங்கள், வாங்குகிறவர் அல்ல. வாங்குகிறவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கடைக்குப் போவார், காசைக் கொடுப்பார், வீட்டுக்கு வருவார், கதை முடிந்தது. நம்முடைய ஆள் அவ்வளவு சுலபத்தில் முடிகிறவர் அல்ல. போன மாரியில் வாங்கப் போனார், வசந்தத்தில் வாங்கப் போனார், இன்றைக்கும் வாங்கத்தான் போயிருக்கிறார்.

இவரை அடையாளம் காண்பது கடினமில்லை. கல்யாண மண்டபத்தில் உங்கள் கையிலிருக்கும் போனை "ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்" என்று வாங்கி, உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்து, முதுகைத் திருப்பித் தடவி, கமராவைத் திறந்து மணவறையைப் படமெடுத்து, அதில் மாப்பிள்ளையின் மூக்கை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு திருப்பித் தருகிறவர் யாரோ, அவர்தான். விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எந்த விலை சொன்னாலும் ஏமாந்துதான் போயிருப்பீர்கள்.

எங்கள் ஓல்டனில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். பாலச்சந்திரன் அண்ணை. எனக்கு நேர் மேல்வீடு. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அண்ணையின் பழைய போன் ஒருநாள் அந்தச் சமையலறையில், எழுபது கிழவர்களுக்கான உருளைக்கிழங்கு மசியலுக்குள் விழுந்துவிட்டது. எடுத்துக் கழுவித் துடைத்து, வீட்டில் அரிசிப் பேணிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். உயிர் வந்தது, பாதி உயிர். திரையின் இடப்பக்கம் வேலை செய்தது, வலப்பக்கம் செத்துப்போனது. இதில் என்ன வில்லங்கம் என்கிறீர்களா? அந்தப் போனில் அழைப்பை வெட்டும் சிவப்புப் பொத்தான் இடப்பக்கம், எடுக்கும் பச்சைப் பொத்தான் வலப்பக்கம். ஆக, அண்ணையால் யாருடைய அழைப்பையும் வெட்ட முடியும். ஒருவருடைய அழைப்பையும் எடுக்க முடியாது.

இதனால் அவர் கலங்கினாரா? இல்லவே இல்லை. வேலைக்கு வரச்சொல்லும் தகவல் எழுத்தில் வரும், வாசித்துவிட்டு நேரே போய் நின்றுவிடுவார். சொந்தக்காரர்கள் மனோகரி அக்காவின் போனுக்கு எடுப்பார்கள். மனோகரி அக்கா அவருடைய மனைவி, சலவை நிலையத்தில் ஐம்பது புரோசென்ட் வேலை, அதாவது அரைநாள் வேலை. மகள் சஜீதா மருந்துக்கடையில் தொழில் பழகுகிறாள். வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் மாதம் பிறக்கும் முன்னமே வாசலில் வந்து நிற்கிற வீடு. ஆகவே புதுப் போனுக்கு இருநூறு பிராங், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று தீர்மானமாயிற்று. இதில் பகிடி ஒன்றுமில்லை. இருநூறு பிராங் அவர்களுக்குக் காசு. ஆனால், இருநூறு பிராங் வைத்திருக்கிற மனிதன் இருநூறு பிராங் போனைத்தானே தேட வேண்டும்? இவர் தேடியது ஆயிரம் பிராங் போனை. அது இருநூறுக்கு இறங்கி வரும் நாளை.

அந்த நாளுக்காக அவர் செய்த தவம் இருக்கிறதே! மகளுடைய கணினியில் சென்னைப் பொடியன் ஒருவன் போன் பெட்டிகளைப் பிரித்துக் காட்டும் காணொளிகளை ஒன்று விடாமல் பார்த்தார். அவன் ரூபாயில் விலை சொல்வான். அண்ணை அதைப் பிராங்காக மாற்றிப் பார்த்து, இங்கே கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று பொருமுவார். அந்தப் போன் இந்த நாட்டில் விற்பனைக்கே வரவில்லை என்று சஜீதா சொல்வாள். உடனே முகம் மலர்ந்துவிடும். அப்ப அதுதான் நல்ல போன் என்பார். எந்தப் போனில் விளையாட்டு எத்தனை மணித்தியாலம் சூடேறாமல் ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். அண்ணை வாழ்நாளில் ஆடிய ஒரே விளையாட்டு முந்நூற்றிநாலு. அதற்குச் சீட்டுக்கட்டு போதும்.

கடைக்கும் போகாமல் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவார். காட்சிக்கு வைத்த போன் ஒவ்வொன்றையும் எடுத்து, முன்கமரா எப்படி என்று தன்னையே படமெடுத்துப் பார்ப்பார். அந்தக் கடையில் இன்றைக்கும் எந்தப் போனைத் திறந்தாலும் அண்ணையின் திருநீற்று நெற்றிதான் முதலில் வரும். விற்பனைப் பெண் பிரசவ விடுமுறையில் போய்த் திரும்பி வந்ததும் முதல் வேலையாக, ஹேர் பாலா, அதாவது திருவாளர் பாலா, போன் வாங்கிவிட்டாரா என்று விசாரித்தாளாம். இல்லை என்றதும் அவளுக்கு ஒரு நிம்மதி. உலகம் அவள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது.

இதற்கு மேல் ஆலோசகர்கள். ஓல்டன் என்றால் ரயில் மாறுகிற ஊர். சுவிசில் எந்தத் தமிழன் எங்கே போனாலும் ஒருநாள் எங்கள் மேடையில் இறங்கித்தான் ஆக வேண்டும். யார் எந்த ரயிலில் வருகிறார் என்று விசாரித்து வைத்து, அண்ணை போய் நிற்பார். துன் நகரிலிருந்து வருகிற ஹோட்டல்காரர் ஒரு கொம்பனியைப் புகழ்ந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவார். அதே மேடையில் எம்மன்புரூக்கேயிலிருந்து வந்து இறங்குகிற தொழிற்சாலைக்காரர் அந்தக் கொம்பனியைத் திட்டுவார். கனடாவில் இருக்கும் அக்கா, வாங்கிப்போடாதை, நான் வரேக்கை கொண்டுவாறன் என்று சொல்லி வைத்திருக்கிறா. அவ கொரோனாவுக்கு முதலே வரத் தொடங்கியவ. இன்னும் வந்து சேரவில்லை.

வாங்கிவிட்டவர்களைக் கண்டால் இந்த இனத்துக்கு ஓர் அனுதாபம் வரும். அதே சமையலறையில் மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிற அருட்செல்வன், பழைய சாமான் கடையில் பாவித்த போன் ஒன்றை வாங்கி வந்தான். முன்பு வைத்திருந்த குழந்தை பின்பக்கத்தில் இறக்கை வைத்த குதிரைப் படம் ஒட்டியிருந்தது, உரிக்க உரிக்க வரவில்லை. அண்ணை அவனைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய், பற்றரி, கமரா, நினைவகம் என்று அரை மணித்தியாலம் இரங்கல் உரை நிகழ்த்தினார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"ஓமண்ணை. எனக்குக் கதைக்கிறது கேட்டால் போதும்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படியும் ஒருவன்!

இந்த நிலையில்தான் முதியோர் இல்லத்தில் ஒரு நிரந்தர வேலை விழுந்தது. நூறு புரோசென்ட். சம்பளத்தோடு லீவு, மாதம் பிறந்தால் நிச்சயமான காசு. அதைவிட, நிரந்தர வேலைக் கடதாசி இல்லாதவனுக்கு இந்த நாட்டில் ஒருவனும் பெரிய வீடு வாடகைக்குத் தரமாட்டான். சஜீதாவுக்குப் பத்தொன்பது வயது. வரவேற்பறைச் சோபாவில்தான் படுக்கிறாள், அதிலேயே இருந்துதான் படிக்கிறாள், விருந்தாளி வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகிறாள். வேலை கிடைத்தால் அவளுக்கு ஓர் அறை. சமையலறைப் பொறுப்பாளர் ஃப்ரௌ லூத்தி, அதாவது லூத்தி அம்மா, அண்ணையிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். மேலிடம் சம்மதித்ததும் இந்தக் கிழமைக்குள் கூப்பிடுவாராம், மூத்தவர் என்பதால் முதல் அழைப்பு அவருக்குத்தானாம், உடனே பதில் வேண்டுமாம்.

அண்ணை வந்து இதைச் சொன்னதும் மனோகரி அக்கா அடுப்பை நிற்பாட்டினா.

"இஞ்சேருங்கோ, நாளைக்குப் போனோடை வீட்டுக்கு வாங்கோ. போன் இல்லாட்டி வராதேங்கோ."

நம்ப மாட்டீர்கள், மனிதர் வாங்கிவிட்டார்! செய்தி கேட்டு நானே மேலே ஓடினேன். போன் எங்கே என்றேன். சாமித்தட்டைக் காட்டினார். பிள்ளையாருக்கு முன்னால் பெட்டி இருந்தது. பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு. மேலே சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே மினுங்கியது. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிரிக்காவிட்டால் இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். அதற்குள் விலை இறங்கினால்? இதைவிடத் திறமான ஒன்று வந்தால்? அதோடு திரைக்கு ஒட்டுகிற கண்ணாடியும் கவரும் தபாலில் வரவேண்டும், அவை இல்லாமல் கையால் தொடலாமா? தொலைக்காட்சி ரிமோட்டைப் பொலித்தீன் பைக்குள் வைத்தே ஆயுளுக்கும் அமத்துகிற எங்கள் ஆட்களுக்கு இது ஒரு புதினமா என்று நானும் பேசாமல் இருந்தேன். மனோகரி அக்கா இருக்கவில்லை, பிரியுங்கோ என்றா.

"உமக்கு விளங்காது மனோகரி. பிரிக்காத மட்டும்தான் அது புதுப் போன்."

புதன்கிழமை மனோகரி அக்காவின் தம்பி கிஷோபன் சொலத்தூர்னுக்குப் பெண் பார்க்கப் போகிற வழியில் ஓல்டனில் ரயில் மாறினான். வாங்கிய போன் சரியானதுதானா என்று அவனிடம் கேட்க அண்ணை மேடையில் நின்றார். வாங்கிய பிறகும் கேட்பதா என்று நீங்கள் யோசித்தால், இந்த இனத்தை இன்னும் உங்களுக்கு விளங்கவில்லை. கிஷோபன் வாயைத் திறக்கவும் பழைய போன் அடித்தது. அண்ணையின் அழைப்பொலி நாதஸ்வரம், ஒலியைக் குறைக்கும் பொத்தான் மசியலோடு போனது. மேடையில் நின்ற சுவிஸ்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்குகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அண்ணை பச்சையை அமத்தினார், தடவினார், நகத்தால் சுரண்டினார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. ஒரு கிழவி தன் நாயை இழுத்துக்கொண்டு விலகிப் போனா. வெட்கம் தாங்காமல் அண்ணை சிவப்பை அமத்தினார்.

மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினார்.

"அத்தான், ஏன் வெட்டுறியள்?"

"வெட்டத்தானடா ஏலும்."

மூன்றாம் தரமும் அடித்தது. திரையில் ஃப்ரௌ லூத்தியின் பெயர் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அவசரமாக எடுக்கப் போய், விரல் இடப்பக்கம் சறுக்கியது. அது மட்டும்தானே வேலை செய்கிற பக்கம்! திருப்பி எடுப்பதற்கு உன்னுடையதைத் தா என்று திரும்பினால், கிஷோபனுடைய ரயில் கதவைச் சாத்திக்கொண்டு போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கையால் என்னவோ காட்டினான், பெரிய பெட்டியா சின்னப் பெட்டியா என்று கேட்கிற மாதிரி இருந்ததாம்.

அண்ணை ஓடினார். ஆரே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வியர்த்து விறுவிறுத்து, முதியோர் இல்லத்தின் சமையலறைக்குள் போய் மூச்சு வாங்க நின்றார். ஃப்ரௌ லூத்தி அவரைக் கண்டதும் எழுந்து வந்து கைகொடுத்தார். மிக்க நன்றி, ஹேர் பாலா, என்றார். பலர் விருப்பமில்லாததைச் சொல்லாமல் இழுத்தடிப்பார்களாம், நீங்களோ மூன்று தரமும் தெளிவாக மறுத்துவிட்டீர்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன் என்றார். மூன்று தரம் வேண்டாம் என்றவரை நாலாம் தரம் கேட்பது மரியாதை இல்லையே, அதனால்தான் அருட்செல்வனுக்கு எடுத்தாராம். அவன் முதல் மணியிலேயே எடுத்து ஓம் என்றுவிட்டான். உடனே வந்து, உள்ளே உட்கார்ந்து கையெழுத்தும் போட்டுவிட்டான். அவனுடைய போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது, குதிரை இறக்கையை விரித்தபடி.

மரியாதை தெரிந்த நாட்டில் இப்படித்தான் மனிதன் அழிந்துபோகிறான். எனக்கு அண்ணை மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் படியேறி வந்த கோலத்தைப் பார்த்ததும் நெஞ்சு கரைந்துவிட்டது, பின்னாலேயே போனேன். மனோகரி அக்கா கதை முழுவதையும் கேட்டா. சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, சாமித்தட்டில் இருந்த பெட்டியை இறக்கி, பிளாஸ்டிக்கைச் சரக்கென்று வெட்டினா. அண்ணை ஈனக்குரலில், கவர் இன்னும் வரவில்லை என்றார். சஜீதா சோபாவில் காலை மடக்கிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள். வெகுநேரம் அவள் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

அண்ணை தேறிவிட்டார், பயப்படாதீர்கள். படியில் கண்டால், அருட்செல்வனின் பற்றரி ஆறு மாதம் தாங்காது என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். ஆனால் அடுத்த கிழமை ஒரு நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். விசாரித்தேன். அந்தப் போனின் விலை பத்துப் பிராங் இறங்கிவிட்டதாம், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்க வழியில்லையாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வேலை போன அன்றைக்குக் கலங்காத கண்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சிரித்தீர்கள். சந்தோசம். பாலச்சந்திரன் அண்ணையைப் போல ஒருவரைத் தெரியும் என்று யாரையோ நினைத்தும் வைத்திருப்பீர்கள். அதுவும் நல்லது. ஒரேயொரு விசயம். அண்ணை என்ன போன் வாங்கினார் என்பதை நான் கடைசி வரைக்கும் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வாசித்துக்கொண்டு வரும்போது, அந்தப் பிள்ளை இன்னும் சோபாவிலா படுக்கிறாள் என்று கேட்டவர்கள் தாராளமாக எழும்பிப் போகலாம். நீங்கள் கொஞ்சம் இருங்கள். நீங்கள் போனின் பெயரைத்தான் கேட்டீர்கள்.