சுபேதார் மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு போன நாள்

சும்மா பயப்படுகிறவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவன் பாட்டுக்குப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். படித்துவிட்டுப் பயப்படுகிறவன்தான் ஆபத்து. ஊரையே கிளப்பிக்கொண்டு ஓடுவான். நான் அப்படி ஓடியவன். (ஊரை அல்ல, அம்மாவையும் நிறைமாதத்தை நெருங்கிய அக்காவையும்.)

அப்போது நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வல்லரசு நாடு தன் வெளியுறவுக் கொள்கையை எப்படி வகுக்கிறது, அணு ஆயுத மிரட்டலை எப்படிக் கையாள்கிறது என்று ஒரு பாடம். அதில் நான் பொறுக்கிக்கொண்டது இதுதான்: அதிபர் மேடையில் பேசுவதை நம்பாதே. அந்த உறுமல் எல்லாம் எதிராளி பயந்துபோய்ப் பேச்சுக்கு வரட்டும் என்பதற்காக. நிஜமாகவே அடி விழுமா என்று தெரிய வேண்டுமானால், தூதரகத்தில் இருக்கும் தன் ஆட்களின் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்புகிறார்களா என்று பார்.

அந்த வாரம் நம் எல்லையில் பதற்றம். இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கிறது. அங்கேதான் அக்கா எஸ்தரின் கணவர், என் மச்சான், பீரங்கிப் படையில் இருந்தார். ஒரு நாள் முழுக்க அவர் போன் அணைந்தே கிடந்தது. ராத்திரி அக்கா தட்டைத் தொடவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய நான் என்ன செய்தேன்? இட்லியை நடுவில் வைத்து, குண்டு விழுந்தால் எதுவரை வெந்துபோகும் என்று சட்னியால் வட்டம் போட்டுக் காட்டினேன். (அன்றே யாராவது என்னை அறைந்திருக்கலாம்.)

மறுநாள் காலை, வல்லரசு நம் நாட்டில் இருக்கும் தன் தூதரகக் குடும்பங்களைக் கிளம்பச் சொல்லிவிட்டதாகச் செய்தி. பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு சுபேதார் மாமா, மனைவி, மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாம் உள்ளே போயின. கடைக்குப் போனால்கூடத் தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போகிற மனிதர், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெரசா ஏறுங்க" என்று அடிக்குரலில் அதட்டினார். வேன் பறந்துவிட்டது. நான் பேஸ்டை விழுங்கிவிட்டேன்.

"எம்மா, பட்டாளத்துக்காரரே குடும்பத்தக் கெளப்பிட்டாரு. அவருக்குத் தகவல் வந்துருக்கு!"

"நம்ம ஊருல எவம்லே குண்டு போடுவான்?" என்றாள் அம்மா.

"இம்புட்டு மில்லு இருக்குல்ல? மொதக் குண்டே ராஜபாளையத்துக்குத்தான்."

அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது. பிறந்ததில் இருந்து தினமும் கேட்கிற சங்குதான். நான் கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிட்டேன்.

ஒரு குட்டி யானை லோடு வண்டியைப் பிடித்து, மலை மறைவு இருக்குமே என்று செண்பகத்தோப்புக் காட்டுக்கு விடச் சொன்னேன். அக்கா முன் சீட்டில் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஆண்டவரே" என்றாள். எனக்குக் குண்டுப் பயம் போய்ப் பிரசவப் பயம் பிடித்துக்கொண்டது. வனத்துறைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்த்து, "கெடா வெட்டுக்கா?" என்றார். ஆயுளில் பொய் சொல்லாத, சர்ச் வாசலைத் தவிர வேறு கோயில் வாசல் மிதிக்காத என் அம்மா, "ஆமாய்யா" என்றாள்.

உள்ளே அம்மன் கோயில் பக்கத்தில் மரத்தடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையில் கரண்டியோடு சுபேதார் மாமா! எங்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"படையல் கறி நீங்க தொட மாட்டீய. கூப்பிட்டா ஒங்களுக்குச் சங்கடம், கூப்பிடாட்டி எங்களுக்குச் சங்கடம். அதான் சத்தங்காட்டாம வந்துட்டோம். அதுக்காகக் கோவிச்சுக்கிட்டுத் தேடியே வந்துட்டீயளா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "மாமா, அவியளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? ஏதும் தெரிஞ்சா மறைக்காமச் சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போது என் போன் அடித்தது. தெரியாத எண்.

"எங்கலே இருக்கீய எல்லாரும்? வீடு பூட்டிக் கெடக்கு!" மச்சான்தான். "லீவு கெடைச்சு வந்தேன். ரயில்ல போனக் களவு குடுத்துட்டேன்."

"காட்டுல இருக்கோம் மச்சான்."

"காட்டுல என்னலே சோலி?"

"போரு வருதுன்னு ஓடி வந்துட்டோம்."

"எல்லையில இருந்து வாரவன் நானு. நீ எதுக்குலே ஓடுத?" என்றார்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். விம்மிக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் வீடு சேர்ந்த கொஞ்ச நேரத்தில் லீவு ரத்து என்று தகவல் வந்தது. மறுநாள் காலையிலேயே அவர் கிளம்பிவிட்டார். அக்காவுக்குக் கிடைத்ததே ஒரு பகல், அதில் பாதியை நான் காட்டில் தொலைத்திருந்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாசலில் நின்று அவர் அக்காவிடம், "போன் போகலன்னா பயப்படாத. ஒந்தம்பி பயந்துருவான், அவனப் பாத்துக்கோ" என்றார். அக்கா அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

நல்லவேளை, போர் வரவில்லை. அக்காவுக்கு மகள் பிறந்தாள், மச்சானும் வந்து பார்த்தார்.

ஏவுகணையைச் சோதிக்கும்முன் பக்கத்து நாட்டுக்குச் சொல்லிவிடும் வழக்கம் நாடுகளுக்குள் உண்டு. அவன் வீணாகப் பயந்து எதையாவது செய்து வைக்கக் கூடாதே! எங்கள் தெருவிலும் அது நடப்பில் இருக்கிறது. சுபேதார் மாமா எங்கே கிளம்பினாலும் எங்கள் கேட்டைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, "ஏலே சாமு, கல்யாண வீட்டுக்குத்தான் போறோம். போரு கீரு ஒண்ணுமில்ல" என்று கத்திவிட்டுத்தான் வண்டி ஏறுவார். தெருவே சிரிக்கும்.

சமீபத்தில் எல்லையில் மறுபடி சண்டைப் பேச்சு. மச்சானுக்குப் போன் போகவில்லை. அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தாள். எனக்கும் பயம்தான், ஆனால் இந்தத் தடவை வட்டம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. கேட் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எஸ்தரு, நாங்க எங்கயும் போகலம்மா" என்றார் சுபேதார் மாமா.

அக்கா டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு பிசைய எழுந்தாள்.