பத்தரை மணிச் சங்கு

பதினொரு மணிக்கு மெட்ராஸ் கார் வந்துவிடும். பத்தரைக்கு, மூடிக் கிடந்த கூரை ஓட்டு மில் வாசலில் நின்றது இரண்டே பேர். ஒருவர் செங்கல்பட்டு நகராட்சி சேர்மன் ஜெயினுலாபுதீன் பாய். இன்னொருவர் மில்லில் முன்பு ஃபிட்டராக இருந்த சதாசிவம். அறுபத்தொன்பதில் மில்லை மூடியபோது, அவர் மகாபலிபுரம் கடற்கரையில் கிளிஞ்சல் மாலை விற்கப் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து நேற்றுதான் பாய் நேரில் போய்க் கெஞ்சி, காலை முதல் பஸ்ஸில் அவரை வரவழைத்திருந்தார்.

பாய்க்குக் கைலிக் கடை. ஆனால் சேர்மன் ஆன நாளிலிருந்து கைலியைவிட அதிகமாக அவர் விரித்துக் காட்டியது, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் தானே வரைந்த புதுச் செங்கல்பட்டைத்தான். ஏரிக்கரையில் பூங்கா, ஸ்டேஷன் வாசலில் வரிசையாக விளக்கு, நடுவில் மில். மில் புகைபோக்கிக்கு அவர் போட்ட புகையில் பாதி ஊர் மறைந்திருந்தது. "பேப்பரப் பாத்தாலே இருமல் வருதுங்க" என்பாள் மனைவி ஹபீபா. மில் ஓடினால்தான் மற்றதெல்லாம் என்பது பாயின் கட்சி. அதில் அவரை யாரும் மறுக்க முடியாது.

மெட்ராஸ் தொழிலதிபர் வாசுதேவன், மில் மிஷின்களைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டதும் பாய்க்குத் தூக்கம் போயிற்று. வேலை தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருப்பதை வாசுதேவன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மில் திறந்த மாதிரிதான் என்று நம்பினார். பத்துப் பேரைத் தேடிப் பிடித்துச் சொல்லியும் வைத்தார். அந்தப் பத்துப் பேரும் அன்றைக்குப் பார்த்துப் படாளத்துக்கு அறுவடைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் கூலி தப்பினால் அடுப்பு எரியாத வீடுகள், பாவம்.

"சங்க ஊதுங்க சதாசிவம். காதுல வுழுந்தா ஊர்ல கீற மத்தவங்க வந்துருவாங்க" என்றார் பாய்.

காவலறையில் கையால் சுற்றும் பழைய சங்கு இருந்தது. சதாசிவம் தயங்கினார். "இந்த நேரத்துல வேணாங்க பாய்."

"நேரம் இன்னா நேரம்? கார் வந்துகினு கீது. சுத்துங்க."

சுற்றினார். அத்தனை துருவோடும் அது ஊரைத் தூக்கிவிட்டது.

மில் சங்கு ஷிப்டுக்கு ஷிப்டுதான் ஊதும். நடுவில் ஊதினால் உள்ளே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று அர்த்தம். கடைத்தெருவுக்கு அது வெறும் சத்தம். மில் தெருவில் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

முதலில் ஓடி வந்தது அம்சா. கையெல்லாம் மாவு. "என் வூட்டுக்காரரு எங்க பாய்?"

பாய் திகைத்தார். "தர்மராஜு மில்லுக்கு வந்தே மூணு வருசமாச்சேம்மா."

"தெரியும். சங்கு ஊதுச்சே" என்று அழுதாள்.

யாருக்கு அடி என்று கேட்டுக்கொண்டு அந்தத் தர்மராஜே அவள் பின்னால் ஓடி வந்தான். அவனை முழுசாகப் பார்த்ததும் அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அதற்குள் மில் தெரு மொத்தமும் வாசலில் நின்றது.

பாய் காவலறை ஸ்டூலில் ஏறி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அமைதியாக இருங்கள் என்றார். முன்பெல்லாம் விபத்து நடக்கும்போது மேனேஜரும் இதே ஸ்டூலில் ஏறி இதையேதான் சொல்வார். கூட்டம் ஒப்பாரியில் இறங்கியது.

பயந்துபோன பாய், ஆபத்து நீங்கிவிட்டது என்று தெரிவிக்கத் தானே இன்னொரு தடவை சங்கைச் சுற்றினார். இரண்டாவது சங்கு ஊதினால், ஆள் உள்ளே சிக்கிக்கொண்டான், எல்லோரும் கை கொடுங்கள் என்று அர்த்தம். சதாசிவம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த அவரும் பழக்க தோஷத்தில் உள்ளே ஓடினார்.

கேட் பெயர்ந்தது. யாரும் யாருக்கும் வேலை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூளைக்காரர்கள் சூளைக் கதவைத் திறந்தார்கள். ஓடு அழுத்தும் பிரஸ்காரர்கள் பெரிய சக்கரத்தைக் கையாலேயே உருட்டினார்கள். பெண்கள் வரிசையாக நின்று, இறுகிப்போன களிமண்ணைக் கூடை கூடையாக வெளியே தள்ளினார்கள். மூன்று வருடத் துரு முனகிக்கொண்டே கழன்றது. இல்லாத ஒருவனை அத்தனை பேரும் உயிரைக் கொடுத்துத் தேடினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. வாசுதேவன் இறங்கி, என்ன இது என்று கேட்டார். பாய்க்குப் பொய் வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். வாசுதேவன் உருளும் சக்கரத்தைப் பார்த்தார். புருஷன் சட்டையைப் பிடித்த பிடி விடாமல் நின்ற அம்சாவைப் பார்த்தார். காரில் ஏறி உட்கார்ந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார்.

பாய் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரை அழவைத்து, வந்த மனிதரையும் விரட்டியாயிற்று. இத்தனை குடும்பத்தின் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டார். சதாசிவம் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

டிரைவர் மட்டும் இறங்கி வந்தான்.

"போன் எங்க கீது சேர்மன் சார்? இந்த மிசினையெல்லாம் ஒடச்சிப் பழைய இரும்புக்கு அள்ளினு போவ எங்க மொதலாளி ஊரப்பாக்கத்துல நாலு லாரிய நிறுத்தி வச்சிகீறாரு, இப்ப மில்ல ஓட்டப் போறாராம், லாரியெல்லாம் காலியாவே திரும்பணுமாம்."